1870-க்கு முந்தைய கணக்கெடுப்பில் பெயரே இல்லை: அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆவணங்கள் பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்கள்

என் கணவர் அமெரிக்கக் கறுப்பினத்தவர். அவருடைய முன்னோர் ஒருவரை 1870 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிடித்துவிட்டேன்: ஜார்ஜியா, மேக்கன் பக்கம், பண்ணைத் தொழிலாளி, வயது 45. 1860 கணக்கெடுப்பில் அடிமைகளுக்கென்று தனியாக எடுத்த பட்டியலில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறேன். அதில் அடிமைகளை வைத்திருந்த முதலாளிக்கு மட்டுமே பெயர். கீழே '35, ஆண், கறுப்பு' என்று வெறும் வரிகள், மாட்டுக் கணக்கு மாதிரி. அந்த வயதில் அந்தக் கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) ஏகப்பட்ட பேர்.

1867 வாக்காளர் பதிவில் பெயர் இருக்கிறது, முதலாளி விவரம் இல்லை. அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றவர்களுக்காக 1865-இல் தொடங்கிய சேமிப்பு வங்கியின் பதிவேட்டிலும் ஆள் கிடைக்கவில்லை. அதே குடும்பப்பெயர் கொண்ட வெள்ளைக்காரப் பண்ணையாரின் உயிலையும் பார்த்தாயிற்று. விடுதலைக்கு அப்புறம் பலர் வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள், அதனால் பெயரை மட்டும் நம்பவும் முடியாது.

பழைய முதலாளி யாரென்று கண்டுபிடிக்க அடுத்து எந்த ஆவணத்தைத் தேட வேண்டும்?