பரம்பிக்குளம் வனத்துறை பஸ்: முழங்கால் வலி உள்ள அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

சூலூர்க்காரன்:
வணக்கம். அடுத்த மாதம் அம்மாவைப் பரம்பிக்குளம் கூட்டிப் போகலாம் என்றிருக்கிறேன். வயது 71, வலது முழங்கால் தேய்மானம். கூடவே மனைவியும் எட்டு வயதுப் பையனும்.

போன வருடம் ஒரு டிராவல்ஸ்காரரை நம்பிப் போனோம். பொள்ளாச்சியில் டிபனுக்கு ஒரு மணி நேரம், ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் இரண்டு மணி நேரம் என்று இழுத்து, மேலே போய்ச் சேரும்போது மணி மூன்று. வனத்துறை பஸ்ஸில் இடமில்லை. டாப்ஸ்லிப் புல்வெளியில் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பினோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

இந்த முறை சொந்தக் கார். எவ்வளவு நடக்க வேண்டியிருக்கும்? பையன் புலி புலி என்கிறான், தென்படுமா?

மலைப்பாதை:
தாராளமாகப் போங்க. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம்.

பொங்கலூர் தாத்தா:
தம்பி, நான் ஐந்து முறை போயிருக்கிறேன். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். டாப்ஸ்லிப் தமிழ்நாடு, பரம்பிக்குளம் கேரளா. இரண்டு வனத்துறையும் தனித்தனியாக வண்டி விடுகின்றன. டாப்ஸ்லிப்பில் சீட்டு வாங்கிவிட்டு, பரம்பிக்குளத்தில் உள்ள பழைய மரமான கன்னிமாரா தேக்கு எங்கே என்று கேட்டுச் சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் சேத்துமடை செக்போஸ்ட், டாப்ஸ்லிப் எல்லாம் தாண்டி ஆனப்பாடி வரை காரில் போய், அங்கே சீட்டு வாங்க வேண்டும். காலை எட்டரைக்குள் அங்கே இருங்கள்.

பஸ் மூன்று மணி நேரத்துக்கு மேல் சுற்றும். பாதை வளைவு அதிகம், பையனுக்கு வயிறு நிறைய ஊட்டிவிடாதீர்கள். அம்மாவுக்கு முன்பக்க ஜன்னலோர இடம் கேளுங்கள், பின்னால் தூக்கிப் போடும். குறிப்பிட்ட இடங்களில்தான் இறக்கிவிடுவார்கள். நடை சொற்பம். பஸ் படிதான் உயரம், அதற்கு ஒரு கை கொடுத்தால் போதும்.

கூட வரும் வழிகாட்டிகளில் பலர் அங்கேயே பிறந்து வளர்ந்த காடர், மலசர் பழங்குடி வீட்டுப் பிள்ளைகள். போன தடவை வந்த பையன் பேச்சை நிறுத்திவிட்டு டிரைவர் தோளைத் தட்டினான். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. மூங்கில் அசைந்த பிறகுதான் உள்ளே ஆறு காட்டெருமை நின்றது தெரிந்தது. அதனால் வழிகாட்டி பேசும்போது பாட்டுப் போடாதீர்கள். புலியை நம்பிப் போகாதீர்கள், எனக்கு ஐந்து முறையும் வாய்க்கவில்லை. புள்ளிமான், கருமந்தி நிச்சயம் என்றே சொல்லலாம். நீர்த்தேக்கக் கரையில் முதலை வெயில் காயும், பையனுக்கு அது போதும்.

கன்னிமாரா தேக்கு சுமார் 450 வயது, சுற்றளவு ஏழு மீட்டர். வெட்டப் போனபோது ரத்தம் வந்ததாம், அதனால் கன்னி என்று விட்டுவிட்டார்கள் என்பது அங்குள்ளோர் கதை. என் வீட்டுக்காரி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டே போனாள்.

தூணக்கடவு அணையில்தான் எனக்கு எப்போதும் மனசு நிற்கும். அணை கேரள மண்ணில், பராமரிப்பு தமிழ்நாடு. எங்கள் பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் வரும் தண்ணீருக்கு வழி இதுதான். முறை வைத்து விடும் தண்ணீருக்காக ராத்திரி மண்வெட்டியோடு உட்கார்ந்திருந்தவன் நான். அது கிளம்பும் இடத்தை 60 வயதில்தான் பார்த்தேன்.

மலைப்பாதை:
தாத்தா சொன்னதோடு ஒன்று. திரும்பும்போது டாப்ஸ்லிப்பில் ஹூகோ வுட் கல்லறையைப் பாருங்கள். மொட்டையடிக்கப்பட்ட மலையில் கைத்தடியால் குழி போட்டுத் தேக்கு விதை ஊன்றிக்கொண்டே நடப்பார் என்று சொல்லப்படும் வெள்ளைக்கார வன அதிகாரி, 1933-இல் இறந்தவர். 'என்னைக் காண வேண்டுமானால் சுற்றிலும் பாருங்கள்' என்ற பொருளில் லத்தீனில் வெட்டியிருக்கும். பிளாஸ்டிக் பையைச் செக்போஸ்டில் பிடுங்கிவிடுவார்கள், சாப்பாட்டைத் தூக்குப் போசியில் எடுத்துப் போங்கள்.

சூலூர்க்காரன்:
ரொம்ப நன்றிங்க. தாத்தா, அம்மாவிடம் உங்கள் பதிலை வாசித்துக் காட்டினேன். அவர் பிறந்த ஊர் பல்லடம் பக்கம், அப்பாவும் வாய்க்கால் பாசனக்காரர். "மரத்தை நீங்க பாருங்க, என்னை அந்த அணைக்கிட்ட இறக்கி விட்டாப் போதும்" என்கிறார். அங்கே உட்கார ஏதாவது திண்டு இருக்குமா?

பொங்கலூர் தாத்தா:
மடக்கு நாற்காலி ஒன்று கையோடு கொண்டு போங்க தம்பி. வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், அம்மா மெதுவாக இறங்கி ஏறும் வரை காத்திருப்பார்கள்.