தரவுக் காட்சிப்படுத்தலா, தரவுப் புலப்பாடா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

எவரும் எடுத்து மீளப் பயன்படுத்தக்கூடிய திறந்த தரவு தொடர்பான சொற்பட்டியலில், data visualization என்பதற்குத் தமிழில் 'தரவுக் காட்சிப்படுத்தல்' என்பதையே முடிவாக ஏற்றுக்கொள்ளலாம் என்ற முன்மொழிவை வாசித்தேன். தமிழகத்திலும் இங்கே இலங்கையிலும் அது பரவலாக வழங்குகிறது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் அது பட்டியலில் ஏறுவதற்கு முன்னர் என் ஆட்சேபத்தைச் சற்று விரிவாகவே பதிவுசெய்ய விரும்புகிறேன்.

கொழும்பில் வாழும் ஒருவருக்குக் 'காட்சிப்படுத்தல்' என்றதும் கடையின் விலைப்பட்டியலும் தேசிய நூதனசாலையின் கண்ணாடிப் பேழைகளுமே நினைவுக்கு வரும். வியாபாரி விலைகளைக் காட்சிப்படுத்த வேண்டும் என்று 2003 ஆம் ஆண்டின் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் கூறுகிறது. சிலைகளும் நாணயங்களும் நூதனசாலையில் காட்சிப்படுத்தப்பட்டுள்ளன. இரண்டு இடத்திலும் பொருள் ஒன்றே, அதாவது இருப்பதை இருந்தபடியே பலர் பார்வைக்கு வைத்தல். அப்படியானால் ஓர் அட்டவணையை வருடி (ஸ்கேன் செய்து), பிடிஎஃப் கோப்பாக இணையத்தளத்தில் ஏற்றிவிட்டாலும் தரவைக் காட்சிப்படுத்தியதாகவே ஆகிவிடும். நாம் பெயரிட முயலும் செயலோ எண்களுக்கு நீளம், நிறம், இடம் ஆகியவற்றைக் கொடுத்து, அட்டவணையில் தென்படாத தொடர்பைத் தென்படச் செய்வது.

ஓர் உதாரணத்தைக் கிட்டநின்று பார்ப்போம். சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வாரந்தோறும் ஓர் அறிக்கையை வெளியிடுகிறது. அதில் டெங்கு உள்ளிட்ட ஒவ்வொரு நோய்க்கும் இரு நிரல்கள் (செங்குத்து வரிசைகள்) உண்டு. ஒன்றில் அந்த வாரத்து எண்ணிக்கை, மற்றதில் ஆண்டின் தொடக்கத்திலிருந்து கூட்டிய எண்ணிக்கை. பல ஆண்டுகளாகத் தொடர்ந்து வரும் மிகப் பயனுள்ள ஆவணம் அது. ஆனால் அதன் நிரைகள் (கிடை வரிசைகள்) மாவட்டங்கள் அல்ல, பிராந்திய சுகாதாரப் பிரிவுகள். அம்பாறை மாவட்டத்தின் ஒரு பகுதியான கல்முனை அங்கே தனி நிரையாக வருவதால் 25 மாவட்டங்களுக்கு 26 நிரைகள் இருக்கும். மாவட்டத் தேசப்படத்தில் நிறந்தீட்டப் புறப்படுபவர் இதைக் கவனியாமல் விட்டால் அம்பாறை உண்மையைவிட வெளிறித் தெரியும். அதைச் சரிசெய்தாலும், வெறும் எண்ணிக்கையை வைத்துத் தீட்டினால் கொழும்பு எப்போதும் கறுத்தே தோன்றும். ஏனெனில் 2012 குடிசனத் தொகைமதிப்பின்படி கொழும்பு மாவட்டத்தில் 23 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர், முல்லைத்தீவில் ஓர் இலட்சம் பேர்கூட இல்லை. நோயாளர் தொகையைச் சனத்தொகையால் வகுத்த பின்னர்தான் நோய் எங்கே கடுமை என்பது புலப்படத் தொடங்குகிறது.

'புலப்படுதல்' என்ற இந்த வினையைத்தான் நான் முன்வைக்கிறேன். கண்ணுக்குத் தெரிதல், மனத்துக்கு விளங்குதல் ஆகிய இரு பொருளையும் அது இயல்பாகவே தாங்குகிறது. செயலைத் 'தரவுப் புலப்படுத்தல்' என்றும், அதனால் கிடைக்கும் படத்தைத் 'தரவுப் புலப்பாடு' என்றும் வழங்கலாம். சலாகை வரைபு, வட்ட வரைபு, வலையுரு வரையம் (histogram) என்று நம் பாடநூல்களில் வேரூன்றிய பெயர்கள் அப்படியே நிற்கட்டும். புலப்பாடு அவை அனைத்துக்குமான பொதுப்பெயராக இருக்கும். விரலால் தடவி உணரும் வரைபையும் ஒலியாக மாற்றிய தரவையும்கூட அச்சொல் விலக்காது.

எல்லாப் படமும் எதையாவது புலப்படுத்திவிடுமா என்று குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. சலாகையின் அடியைப் பூச்சியத்திலிருந்து தொடங்காமல் சிறு வேறுபாட்டைப் பூதாகரமாக்கும் வரைபைப் 'பிழையான புலப்பாடு' என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. பிழையான மொழிபெயர்ப்பும் மொழிபெயர்ப்புத்தானே. 'தரவுருவாக்கம்' என்ற மாற்று யோசனையை நான் ஆதரிக்கவில்லை. தரவை உருவாக்குதல் என்றே அதை எவரும் பிரித்து வாசிப்பார். இல்லாத எண்ணைப் புனைந்ததாக ஐயம் எழக் கூடாத துறை இது.

'திறந்த தரவு' குறித்து எனக்கு மறுப்பில்லை. நாவலவில் இருக்கும் திறந்த பல்கலைக்கழகத்தால் 'திறந்த' என்ற அடை நமக்கு எப்போதோ பழகிவிட்டது. அதற்கு மாற்றாக 'பொதுத் தரவு' என்றால், அது யாரைப் பற்றிய தரவு என்று சொல்லுமே தவிர, எவரும் எடுத்து மீளப் பயன்படுத்தலாம் என்ற அனுமதியைச் சொல்லாது. அந்த அனுமதி இல்லாமல் புலப்பாட்டுக்கு வழியே இல்லை. 1854 இல் இலண்டனில் வாந்திபேதி பரவியபோது மருத்துவர் ஜோன் ஸ்னோ வரைந்த தேசப்படத்தை அனைவரும் அறிவோம். ஆனால் அதற்கு முன்னர் அவர் பதிவாளர் நாயகத்தின் அலுவலகத்தில் அனுமதி பெற்று 89 மரணங்களின் பட்டியலை எடுத்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எங்கள் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டமும், ஆவணத்தின் பாதுகாப்புக்குக் கேடு நேராத பட்சத்தில் தகவலைக் கோரப்பட்ட வடிவிலேயே வழங்க வேண்டும் என்கிறது. எனவே வருடிய தாளுக்குப் பதிலாக விரிதாளைக் கேட்பது நமது உரிமை. பட்டியலில் 'திறந்த தரவு' என்பதற்கான விளக்கத்தில் அனுமதி, கணினி வாசிக்கக்கூடிய வடிவம் ஆகிய இரண்டும் இடம்பெற வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

எஞ்சியிருக்கும் வலுவான எதிர்வாதம் தகவல் தொழினுட்ப ஆசிரியர்களிடமிருந்து வரும். தரவுத்தளத்தின் ஒரு நிரலைப் 'புலம்' என்றே மாணவர் படிக்கிறார்கள்; பௌதிகவியலில் காந்தப்புலம், மின்புலம் வேறு இருக்கின்றன. இவற்றோடு 'புலப்பாடு' குழம்பக்கூடும் என்பார்கள். இதே இடர் மற்றொரு மாற்றுச் சொல்லான 'கட்புலமாக்க'லுக்கும் உண்டு, அத்துடன் அது கண்ணை மட்டுமே குறிக்கிறது. ஆகவே 'புலப்பாடு', 'புலப்படுத்தல்' ஆகியவற்றை முழு வடிவிலேயே எழுத வேண்டும், 'தரவுப் புலம்' என்று ஒருபோதும் சுருக்கக் கூடாது என்ற குறிப்பைப் பதிவுடன் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வகுப்பறையில் இந்தச் சொற்களைக் கையாளும் ஆசிரியர்கள், இக்குறிப்பு போதுமா என்று எழுதினால் பதிவை அதற்கேற்பத் திருத்தி அனுப்புவேன்.

அன்புடன்,
கொழும்பிலிருந்து