கோட்லின் நிரல்மொழியில் ‘வால்’ (val) மாறுமா, மாறாதா?

செமிகோலன்:
புதிதாகப் படிப்பவர்களுக்கென்று இரவுப்பறவை நேற்று போட்ட குறிப்பில், “கிளாஸ் பிராப்பர்ட்டியை (பொருளோடு சேர்ந்த, பெயரிட்ட மதிப்பை) வால் என்று அறிவித்தால் அதன் மதிப்பு மாறவே மாறாது” என்று இருக்கிறது. தப்பு. கெட்டர் (மதிப்பைக் கேட்கும்போது ஓடி விடை தரும் சிறு நிரல்) எழுதிய வாலை எத்தனை முறை கேட்டாலும் அத்தனை முறையும் கெட்டர் ஓடும். உள்ளே கடிகார நேரத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, ஒரு நொடி விட்டு இரண்டு தடவை பிரிண்ட் போட்டுப் பாருங்கள். இரண்டு வேறு எண்கள் வரும்.

இரவுப்பறவை:
வால் மாறாது, வார் (var) என்று அறிவித்தது மாறும். முதல் நாள் படிக்கிறவருக்கு இது போதும். கெட்டர் எல்லாம் அப்புறம்.

பழைய ஜாவா:
எப்படிப் போதும்? போன வருடம் நான் வேலை பார்த்த இடத்தில், கூடையின் ‘மொத்தம்’ ஒரு வால். அது மாறாது என்று நம்பிய ஒருவர் அதைப் பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் கேட்டு வைத்தார். கெட்டருக்குள்ளே தரவுத்தளத்திலிருந்து எல்லாப் பொருளையும் எடுத்துக் கூட்டும் வேலை. திரையைத் தள்ளினால் போன் திக்கித் திக்கி நகரும், இரண்டு நாள் தேடினேன். ஜாவா மொழியில் கெட்மொத்தம் என்று அடைப்புக்குறியோடு இருந்திருந்தால், ஏதோ ஓடுகிறது என்று கண்ணுக்காவது தெரிந்திருக்கும்.

இரவுப்பறவை:
அது எழுதியவர் தப்பு. கணக்கிட எளிதாக இருந்தால், பொருளின் நிலை மாறாதவரை அதே விடை வந்தால் மட்டும் பிராப்பர்ட்டி, இல்லையென்றால் ஃபங்ஷன் என்று கோட்லினில் நிரல் எழுதும் மரபிலேயே இருக்கிறது. தவிர, அந்த வாலுக்குப் பின்னால் மதிப்பைச் சேமித்து வைக்கும் ஃபீல்டே கிடையாது. இல்லாத ஒன்று எப்படி மாறும்? வால் மாறாது.

பழைய ஜாவா:
“நிலை மாறாதவரை” என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், அப்படியானால் நிலை மாறினால் விடையும் மாறும்தானே! நல் (null, அதாவது மதிப்பே இல்லை) வரக்கூடிய ஒரு வாலுக்குக் கெட்டர் எழுதி, நல் இல்லை என்று இஃப் போட்டுச் சோதித்த பிறகு பயன்படுத்திப் பாருங்கள். கம்பைலர் (நிரலை மொழிபெயர்க்கும் மென்பொருள்) ஸ்மார்ட் காஸ்ட் செய்ய, அதாவது இனி நல் வராது என்று தானே எடுத்துக்கொள்ள மறுக்கும், அடுத்த தடவை கேட்டால் வேறு விடை வரலாம் என்பதால். கம்பைலரே நம்பாததைப் புதியவர்களை ஏன் நம்பச் சொல்கிறீர்கள்?

நிலா:
பிராப்பர்ட்டிக்குப் பண்பு என்று எழுதலாமே?

செமிகோலன்:
பண்பு என்றால் அட்ரிபியூட்டுக்கு என்ன சொல்வீர்கள்? போன மாதமும் இதே சண்டை, நான் சொன்ன ஒரு சொல்லையும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

வரிக்குதிரை:
பிராப்பர்ட்டியைக் கோட்லின் கண்டுபிடித்த மாதிரி பேசுகிறீர்கள். 2002-இல் வந்த சி ஷார்ப் மொழியிலேயே இருக்கிறது. கோட்லின் 1.0 வந்தது 2016-இல்.

பழைய ஜாவா:
கண்டுபிடித்தது என்று யார் சொன்னது? வால் மாறுமா என்பதுதான் கேள்வி. இன்னொன்று, வாலில் மியூட்டபிள்லிஸ்ட் (மாற்றக்கூடிய பட்டியல்) வைத்தால் பெட்டி அதேதான், உள்ளே சரக்கு மாறிக்கொண்டே இருக்கும். அதையும் மாறாது என்பீர்களா?

இரவுப்பறவை:
என் குறிப்பைப் படித்து மூன்று பேர் நன்றி சொல்லியிருக்கிறார்கள். மாற்ற மாட்டேன். போன தடவை என் நிரலை எல்லார் முன்னாலும் கிழித்தவர்தானே நீங்கள்.

பழைய ஜாவா:
அந்த நிரலிலும் இதே வால்தான்.

நிலா:
பண்பு வேண்டாமென்றால் இயல்பு?