ஊசிமுனையை மட்டும் மாற்றினால் போதுமா?

வைகைக்கரையான் கேட்டது:
நேற்று மாலை காய்ச்சலுக்காக அப்பாவை எங்கள் ஊருக்கு அருகிலுள்ள சிறிய கிளினிக்கிற்கு அழைத்துச் சென்றேன். முன்னால் நின்றவருக்குப் போட்ட அதே சிரிஞ்சில் நீடிலை மட்டும் கழற்றிப் புதிதாக மாட்டி அப்பாவுக்கும் போட்டார்கள். கேட்டதற்கு, "நீடில் புதுசுதான், பயப்படாதீங்க" என்றார் உதவியாளர். இதனால் ஆபத்து உண்டா? என்ன பரிசோதனை செய்ய வேண்டும்?

செவிலியர் மலர்விழி:
ஆபத்து உண்டு. இன்றே அப்பாவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று நடந்ததை அப்படியே சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மாத்திரை தேவையா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்வார். தேவையெனில் 72 மணி நேரத்திற்குள் தொடங்கியாக வேண்டும். இரத்தம் வழியே பரவும் கல்லீரல் தொற்றான ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி போட்டிராவிட்டால் அதையும் கேளுங்கள்.

நீடிலைக் கழற்றும்போது அதன் அடிப்பகுதியில் தங்கிய துளி சிரிஞ்சுக்குள் இழுக்கப்படுகிறது. அதில் கலந்துள்ள இரத்தம் கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே ஏழு நாள் வரைகூட உயிர்ப்புடன் இருக்கும். அந்த சிரிஞ்சைப் பலருக்குப் பயன்படும் மருந்துக் குப்பிக்குள் விட்டால், அடுத்து வருபவருக்குப் புதிய சிரிஞ்சை எடுத்தாலும் பயனில்லை. அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் மயக்க மருந்துக் குப்பி வழியாக இப்படித்தான் ஹெபடைடிஸ் சி என்ற இன்னொரு கல்லீரல் தொற்று பரவியது. 2008இல் அங்கு 40,000க்கும் மேற்பட்டோரைப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார்கள்.

நைல்வாசகர்:
எகிப்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கால்வாய் நீரில் இறங்கும் விவசாயிகளைத் தாக்கும் நத்தைக் காய்ச்சலை (நத்தைகள் வழியே பரவும் ஒட்டுண்ணி நோய்) ஒழிக்க, 1950களிலிருந்து 1980கள் வரை அந்நாட்டு அரசு கிராமம் கிராமமாகச் சென்று நரம்பு வழியே மருந்து செலுத்தியது. ஒருவருக்கே வார இடைவெளிகளில் பல ஊசிகள் தேவைப்பட்டன. வரிசையோ நீளம், கண்ணாடி சிரிஞ்சுகளோ சில. சரியாகக் கொதிக்க வைக்க அவகாசமின்றி அவை கைமாறின. விளைவு, 2008 கணக்கெடுப்பில் 15 முதல் 59 வயது வரையிலானோரில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரின் இரத்தத்தில் ஹெபடைடிஸ் சி தொற்றின் தடயம் இருந்தது. நல்ல எண்ணத்துடன் நடந்த திட்டம் என்பதுதான் எனக்குப் பெரும் வேதனை. பின்னர் 2018இல் தொடங்கிய இயக்கத்தில் கோடிக்கணக்கானோரைப் பரிசோதித்து, மாத்திரையால் குணப்படுத்தி, அந்நாடு மீண்டு வந்தது. நம் நாட்டிலும் 2009இல் குஜராத்தின் மொடாசா பகுதியில் மறுபயன்பாட்டு சிரிஞ்சுகளால் ஹெபடைடிஸ் பி பரவிப் பலர் இறந்தனர்.

வைகைக்கரையான்:
மிக்க நன்றி. உடனே கிளம்புகிறோம். இன்று எடுக்கும் பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தால் நிம்மதியாக இருக்கலாமா?

செவிலியர் மலர்விழி:
இருக்க முடியாது. இன்றைய முடிவு, நேற்றைக்கு முன் அவருக்குத் தொற்று இருந்ததா என்பதை மட்டுமே காட்டும். மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் மீண்டும் பார்க்க வேண்டும். அதுவரை அப்பா இரத்ததானம் செய்யக் கூடாது, அவருடைய சவரக் கத்தியைப் பிறர் தொடக் கூடாது. ஹெபடைடிஸ் சி இருப்பதாகத் தெரிந்தாலும் மனம் தளர வேண்டாம். பெரும்பாலும் மூன்று மாத மாத்திரையிலேயே குணமாகிறது, அரசு மருத்துவமனைகளில் அச்சிகிச்சை இலவசம். சாதாரணக் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் மாத்திரையே போதும் என்பதால், இனி "ஊசி அவசியமா?" என்று முதலில் கேளுங்கள், அவசியமெனில் உறையை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். ஒருமுறை அழுத்தியதும் பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சுகளும் கிடைக்கின்றன. அந்த கிளினிக்கைப் பற்றி மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். முன்னால் நின்றவரையும் பின்னால் நின்றவர்களையும் தேடிப் பரிசோதிக்க வேண்டியிருக்கிறது.