மலாவியில் எச்ஐவி உள்ள தாய்மாரோடு இருந்தபோது

எனக்குக் குளச்சல், நர்ஸ் வேலை. மஸ்கட்டை விட்ட பிறகு ஆப்பிரிக்காவில் இருக்கிற மலாவி நாட்டில் மங்கோச்சி பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில், எச்ஐவி உள்ள கர்ப்பிணிகளுக்குத் துணையாகச் சில மாதம் இருந்தேன். ஏரிக்கரை ஊர். பரணில் பொடிமீன் காயும், வீட்டில் மரச்சீனிக் கிழங்கு வேகும், ஆண்கள் மீன்பிடிக்கப் போனால் எப்போது திரும்புவார்கள் என்று தெரியாது. நம்ம கடற்கரை மாதிரியேதான் இருந்தது, அதனால் அந்தப் பெண்களோடு சீக்கிரம் ஒட்டிக்கொண்டேன்.

கர்ப்பிணிக்கு எச்ஐவி என்று தெரிந்தால் சிடி4 எண்ணிக்கைக்கு (நோய் எதிர்ப்பு அணுக்கள் எவ்வளவு இருக்கின்றன என்று பார்க்கிற ரத்தப் பரிசோதனை) காத்திராமல் அன்றே எச்ஐவியை அடக்கி வைக்கிற ஏ.ஆர்.டி. மாத்திரை, அதுவும் ஆயுள் முழுக்க என்று 2011-லேயே முதலில் தொடங்கிய நாடு மலாவி. சிகிச்சை இல்லாவிட்டால் குழந்தைக்குப் பரவ 15 முதல் 45 சதவீதம் வரை வாய்ப்பு உண்டு, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் 5-க்கும் கீழே வந்துவிடும். இதையெல்லாம் அன்றுதான் ரிசல்ட் தெரிந்த ஒரு சின்னப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தேன், அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே எச்ஐவி உள்ள தாய்மாரையே ஆலோசனை சொல்ல வைத்திருப்பார்கள். அப்படி ஒரு அக்கா வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து தன் மாத்திரை டப்பாவைக் குலுக்கிக் காட்டினார். சத்தம் கேட்கும், உள்ளே பஞ்சு வை, புருஷனிடம் எப்படிச் சொல்வது என்று அப்புறம் சேர்ந்து யோசிப்போம் என்றார். அதற்குப் பிறகுதான் அவள் வாய் திறந்தாள், வீட்டை விட்டுத் துரத்திவிடுவார்களோ என்று கேட்டாள்.

நம்ம ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கிற மாத்திரைக்கு, தெரிந்தவர் பார்த்துவிடுவார்கள் என்று பஸ் ஏறி வேறு மாவட்டம் போகிற பெண்ணை எனக்குத் தெரியும். ஒருவருக்கு எச்ஐவி இருப்பதை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று 2017-லேயே சட்டம் வந்துவிட்டது, ஆனாலும் இந்த நிலைமை என்றால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. அந்த அக்காவைப் போல நாலு பேர் நம்ம ஊர்களுக்குள்ளும் வேண்டும்.

மலாவிக்கு இப்படி உதவப் போக நினைக்கிறவர்கள் நலம் விசாரிக்கும் அளவுக்காவது அங்கே பேசுகிற சிச்சேவா மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். தயவுசெய்து யாரையும் போட்டோ எடுக்காதீர்கள், பிள்ளைகளைக்கூட. ஊசி, மருந்து என்று நர்ஸ் வேலை பார்க்க அந்த நாட்டு நர்சிங் கவுன்சில் பதிவு வேண்டும். அது இல்லையென்றாலும் பரவாயில்லை, பதிவேடு எழுத, தாய் உள்ளே பேசி முடிக்கும்வரை குழந்தையை வைத்திருக்க ஆள் தேவைப்பட்டுக்கொண்டேதான் இருக்கும்.