கரண்ட் பில்லுக்கு உதவி தேடிப் போனவர்கள், உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

அன்புவழிபுரம்_மகள்

2023 ஜூனில் நடந்தது. இன்னும் மனதை விட்டுப் போகாததால் எழுதுகிறேன். இலங்கையில் அந்தப் பெப்ரவரியில் வந்த கரண்ட் விலையேற்றம் எல்லாருக்கும் நினைவிருக்கும். 2022 ஓகஸ்டுக்கு முன் 30 அலகு எரித்த வீட்டுக்கு 105 ரூபாய்தான் வந்தது. அதே 30 அலகுக்கு 2023 பெப்ரவரியிலிருந்து 1,300. அம்மாவின் கைக்கு வந்தது முதியோர் கொடுப்பனவு 2,000 மட்டும். மூன்று பல்ப், ஒரு ஃபேன், அவ்வளவுதான் வீட்டில்.

எனக்கு அவர் சொல்லவே இல்லை. மூன்று மாதப் பில்லையும், கட்டாவிட்டால் கரண்டை வெட்டுவோம் என்று வரும் சிவப்பு நோட்டீஸோடு சேர்த்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். நான் வேலையில் இருந்த நேரம், கரண்டை வெட்ட வந்தவர் நல்ல வெயிலில் ஏணியோடு வந்திருக்கிறார். அம்மா அவரை இருக்கச் சொல்லிப் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்திருக்கிறார். குடித்து முடித்து, கோப்பையைத் திண்ணையில் வைத்துவிட்டு, "குறை நினைக்காதீங்கோ அம்மா" என்று சொல்லி ஏறி வெட்டினாராம். பின்னேரம் நான் போனபோது கோப்பை அப்படியே திண்ணையில் இருந்தது. "நல்ல பிள்ளை, குறை நினைக்க வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டுத்தான் வெட்டினவன்" என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு அந்தப் பிள்ளையில் கோபம் இல்லை. அம்மா அதை எனக்கு ஆறுதலாகச் சொன்னதுதான் தாங்க முடியவில்லை.

மறுநாள் கட்டப் போன வரிசையில், முன்னால் நின்ற ஒரு ஐயா சொன்னார்: வெட்ட முதலே கடிதம் கொடுத்துக் கேட்டிருந்தால் பகுதி பகுதியாகக் கட்ட விட்டிருப்பார்களாம். நாங்கள் நிலுவை முழுவதையும், கரண்டைத் திரும்பக் கொடுப்பதற்கான கட்டணத்தையும் சேர்த்து ஒரே நாளில் கட்டினோம். இங்கே யாருக்காவது முன்கூட்டிக் கேட்டுத் தவணை கிடைத்ததா?

கிண்ணியா_உம்மா

தவணை பற்றி எனக்குத் தெரியாது தங்கச்சி. என் கதை அஸ்வெசும, அரசாங்கம் வறிய குடும்பங்களுக்குக் கொடுக்கும் உதவிப் பணம். அந்தக் காசு வந்தால் கரண்ட் பில்லை முதலில் கட்டலாம் என்றுதான் பதிந்தேன். மூன்று பிள்ளைகள், வாப்பா இல்லை.

கணக்கெடுக்க வந்த பிள்ளை வாசலில் நின்றபடியே போனில் பதிந்தது. கூரை, சுவர், மலசலகூடம் எல்லாம் கேட்டது. அப்புறம் எட்டிப் பார்த்து, "ஃபிரிட்ஜ் இருக்குதானே" என்றது. குவைத்திலிருந்து வந்த தாத்தா (அக்கா) தந்தது, பழுதாகி நாலு வருசம். நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்து காட்டினேன். உள்ளே பிள்ளைகளின் கொப்பிகள், மேல் தட்டில் பிறப்புச் சான்றிதழ்கள், கீழே அரிசி. எலி போகாத இடம் எங்கள் வீட்டில் அது ஒன்றுதான். அந்தப் பிள்ளை பார்த்தது, தலையையும் ஆட்டியது. ஆனால் விரல் "ஆம்" என்றதை அழுத்தியதை நான் கண்டேன். பட்டியல் ஒட்டியபோது எங்கள் பேர் இல்லை. காரணம் அதுதானா என்று யாரும் சொல்லவில்லை. மேன்முறையீடு கொடுத்திருக்கிறேன்.

லிங்கநகர்_87

எனக்கு நடந்தது சின்ன விசயம். மீட்டர் பார்க்கும் தம்பி நாலு நாள் பிந்தி வந்தார். 66 அலகு. 60ஐத் தாண்டியதால் பில் இரண்டு மடங்கு. கேட்கப் போனால் கவுன்ரரில் இருந்தவர் நிமிர்ந்தும் பார்க்காமல், "குறைச்சு எரியுங்கோ" என்றார். நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாலையூற்று_ஓய்வுபெற்றவர்

லிங்கநகர் தங்கச்சி, தாங்கள் சொல்வது பிழை. பிந்தி வாசித்தால் எல்லையும் சேர்ந்து கூடும். 30 நாளுக்கு 60 அலகு என்றால் 34 நாளுக்கு 68. எத்தனை நாள் என்பது பில்லிலேயே போட்டிருக்கும். ஆகவே தம்பியைக் குறை சொல்ல வேண்டாம்.

ஆனால் 60ஐத் தாண்டினால் இரண்டு மடங்கு என்பது உண்மைதான். பலர் நினைப்பதுபோல் 61ஆவது அலகுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, முதல் அலகிலிருந்தே கூடுகிறது. 2025 ஜூன் கட்டணத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 அலகு என்றால் முதல் 30க்கு 4.50, அடுத்த 30க்கு 8 ரூபாய், நிலைக்கட்டணம் 210, ஆக 585. 61 என்றால் முதல் 60 அலகும் 12.75க்குப் போய்விடும், மிச்ச ஒன்றுக்கு 18.50, நிலைக்கட்டணம் 400, ஆக 1,183.50. ஒரு அலகால் கிட்டத்தட்ட 600 ரூபாய். வரி வேறு.

அதனால் எல்லாரும் ஒரு கலண்டரை மீட்டருக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். வாசித்த நாளில் இலக்கத்தை எழுதுங்கள், பிறகு கிழமைக்கு ஒரு தரம் பாருங்கள். ஒரு கிழமைக்கு 14 அலகு, அதுதான் உங்கள் எல்லை. 14க்கு மேலே போனால் அடுத்த கிழமை உடுப்பு மினுக்குவதைக் குறையுங்கள். பிள்ளைகளின் பாடசாலை உடுப்பை ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் மினுக்க வேண்டும், தினமும் சூடாக்கக் கூடாது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டும் மீட்டர் ஓடினால் வயரிங்கில் கசிவு, ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். குண்டு பல்ப் ஒன்று 60 வோட் என்றால் எல்ஈடி 9 வோட்டில் அதே வெளிச்சம் தரும். தண்ணீர் மோட்டரில் காற்று இழுத்தால் தண்ணீர் வராமலே ஓடிக்கொண்டிருக்கும், வால்வைப் பாருங்கள். கட்ட வழியில்லை என்றால் சிவப்பு நோட்டீஸ் வர முதல் போங்கள், பழைய பில்கள், அடையாள அட்டை, கிராம சேவகரின் கடிதம் மூன்றோடும்.

என் அனுபவம் என்றால், அப்படி ஒரு கடிதத்தோடு போய் எனக்கு மூன்று தவணை கிடைத்தது. நல்ல மாதிரிப் பேசினார்கள்.

லிங்கநகர்_87

ஐயா, பில்லை எடுத்துப் பார்த்தேன். 31 நாள். நாலு நாள் பிந்தியது அதற்கு முந்தின மாதம். தம்பியைக் குறை சொன்னது என் பிழைதான். ஆனால் நாள் கணக்கை நீங்கள் இங்கே இரண்டு வரியில் சொன்னீர்கள். அதைக் கவுன்ரரில் சொல்லியிருந்தால் நான் அந்த நாலு பேருக்கு முன்னால் அப்படி நின்றிருக்க மாட்டேன்.

உப்புவெளி_வாடகை

பாலையூற்று ஐயாவோடு எனக்குக் கோபம் இல்லை, ஆனால் கலண்டர் தொங்கவிட எங்களுக்கு மீட்டர் வேண்டும். ஒரு வளவில் மூன்று குடும்பம், ஒரே மீட்டர், அதுவும் வீட்டுக்காரரின் பேரில். ஆளுக்கு 35 அலகு எரித்தாலும் மீட்டருக்கு அது 105. நீங்கள் சொன்ன அதே கட்டணத்தில், தனித்தனியே என்றால் ஒரு வீட்டுக்கு 385, மூன்றுக்கும் 1,155. சேர்த்து வாசித்தால் 2,600க்கு மேல். ஏழைக்கென்று வைத்த குறைந்த விலை, ஏழைகள் சேர்ந்து இருப்பதாலேயே எங்களுக்குக் கிடைப்பதில்லை. இதை ஒருத்தரும் பேசுவதில்லை.

தனி மீட்டருக்கு விண்ணப்பிக்க வீட்டுக்காரரின் கையெழுத்து வேண்டும். படிவத்தோடு போனேன். அவர் பேனையைக் கையில் எடுத்தார், எழுதவும் குனிந்தார். பிறகு பேனையை மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "பிறகு வளவு எங்கட எண்டு நிப்பீங்கள்" என்றார். பதினொரு வருசமாக வாடகை பிந்தாமல் கொடுக்கிறோம். அந்தப் படிவம் இன்னும் என்னிடம் இருக்கிறது, அவருடைய இடத்தில் ஒரு மைப் புள்ளியோடு.

பாலையூற்று_ஓய்வுபெற்றவர்

இந்தக் கணக்கை நான் யோசிக்கவில்லை தங்கச்சி. அந்தக் கட்டணத்தில் 105 என்றால் நிலைக்கட்டணமே 1,000. கிராம சேவகர் இருவரையும் வைத்துப் பேசுவாரா என்று கேட்டுப் பாருங்கள், வாடகை என்பதை எழுத்தில் வைத்தால் அவருடைய பயம் போகக்கூடும். நான் வேண்டுமானாலும் கூட வருகிறேன்.

அன்புவழிபுரம்_மகள்

ஐயா, தவணை பற்றிச் சொன்னதற்கு நன்றி. பக்கத்து வீட்டு மாமிக்கும் இரண்டு மாத நிலுவை. இன்றைக்கே கடிதம் எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

கிண்ணியா_உம்மா

எனக்கு நாளை காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லி இருக்கிறார்கள், மேன்முறையீட்டுக்கு. கரண்ட் பில் மூன்றும் எடுத்து வைத்திருக்கிறேன், மூன்றும் 30 அலகுக்குக் கீழே. மூத்தவன் ஃபிரிட்ஜைக் கதவு திறந்தபடி படம் எடுத்துத் தந்தான். பின்பக்கம் வயர் இல்லாததும் தெரிய இன்னொன்று எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.