சைகையை எழுதும்போது முகத்தை எப்படி எழுதுவது?

கோத்தகிரிக்காரன்:
எங்கள் பெரியம்மாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பள்ளிக்கூடம் போனதில்லை, தேயிலைத் தோட்டத்தில் இலை பறித்தே காலம் போனது. அவரும் கூடப் பறித்த பெண்களும் தங்களுக்குள் ஒரு சைகை வைத்திருக்கிறார்கள். அதை எழுதி வைக்க ஆசை. கையை எப்படியோ எழுதிவிடுகிறேன், முகம்தான் படுத்துகிறது. உள்ளங்கையை மேலே காட்டி இரண்டு முறை தூக்கி இறக்கினால் 'எடை போட்டாச்சு'. கை அப்படியே இருக்க, புருவத்தை ஏற்றித் தலையை முன்னால் நீட்டினால் 'எடை போட்டாச்சா?' கன்னத்தை உப்பினால் எடை அதிகம் என்று அர்த்தம். இலை பறிக்கும்போது கை ஓயாது, அப்போது முகம் மட்டுமே பேசும். வீடியோ எடுத்தால் மூடுபனியில் ஒன்றும் தெரிவதில்லை. இதற்கென்று எழுத்து ஏதாவது இருக்கிறதா?

மொழியியல் மாணவி:
இருக்கிறது அண்ணா. 1960இல் வில்லியம் ஸ்டோக்கி என்ற மொழியியலாளர், அமெரிக்கச் சைகைமொழிக்கு இடம், கைவடிவம், அசைவு என்று மூன்றாகப் பிரித்துக் குறியீடு போட்டார். முகத்துக்கு அதில் இடமே இல்லை. 80களில் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் வந்த ஹாம்னோசிஸ் என்ற குறியீட்டு முறை கையை விரல் விரலாகப் பிடிக்கும், ஆனால் வாசிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். உங்களுக்கு ஏற்றது ஸைன்ரைட்டிங் என்ற எழுத்துமுறை. நடன அசைவுகளை எழுத ஒரு முறை உண்டாக்கிய வாலரி சட்டன், 1974இல் அதிலிருந்து வளர்த்தது. தலைக்கு ஒரு வட்டம், அதற்குள்ளேயே புருவம், கண், உப்பிய கன்னம் எல்லாம் வரும். உள்ளங்கை தெரிந்தால் கை வெள்ளை, புறங்கை தெரிந்தால் கறுப்பு. 2015இல் கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடிலும் சேர்த்துவிட்டார்கள், என்ன, குறிகளை மேலும் கீழுமாகச் சரியான இடத்தில் அடுக்க யூனிகோட் மட்டும் போதாது, தனி மென்பொருள் வேண்டும்.

குன்னூர் ராஜா:
தங்கச்சி சொன்னது சரி, ஆனால் அதை எழுதிவிட்டு யார் வாசிப்பது? பெரியம்மா வாசிக்கப் போவதில்லை, உங்கள் பிள்ளைகளும் சந்தேகம்தான். ஈலான் என்று இலவச மென்பொருள், நெதர்லாந்தில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் செய்தது. வீடியோவுக்குக் கீழே வலக்கை, இடக்கை, புருவம், வாய், தலை என்று தனித்தனி வரிசை போட்டுத் தமிழிலேயே எழுதலாம், பிறகு தேடவும் செய்யலாம். கை தூக்குவதற்கு முன்பே புருவம் ஏறிவிடுகிறதா, கை இறங்கிய பிறகும் நிற்கிறதா என்பது அதில் பளிச்சென்று தெரியும். சும்மா 'புருவம் உயர்வு' என்று தாளில் எழுதினால் எதுவரைக்கும் உயர்வு?

கோத்தகிரிக்காரன்:
சரிதான், கேள்வி கேட்கும்போது பதில் வரும்வரை பெரியம்மா புருவத்தை இறக்கவே மாட்டார். மங்கலான வீடியோவை என்ன செய்வது?

கொடைக்கானல் அக்கா:
தோட்டத்தில் எடுக்காதே தம்பி, வீட்டில் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார வை. வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், முதுகில் இல்லை. சால்வையைக் கழற்றச் சொல், குளிருக்குப் போர்த்திக்கொண்டால் பாதி கை உள்ளேயே போய்விடும். இரண்டு போன் வை, ஒன்று இடுப்புவரை, ஒன்று முகத்துக்கு மட்டும். ஆரம்பிக்கும்போது ஒருமுறை கைதட்டு, இரண்டு போனிலும் அது தெரிந்தால் பிறகு சேர்ப்பது சுலபம். கூடப் பறித்த ஒருத்தரையும் எதிரே உட்கார வை, போனைப் பார்த்துப் பேசச் சொன்னால் அந்த முகம் வராது. அப்புறம், டெல்லியில் இருக்கும் மத்திய அரசு நிறுவனத்தின் இந்தியச் சைகைமொழி அகராதியில் பத்தாயிரத்துக்கு மேல் சொல் இருக்கிறதே என்று அதோடு பொருத்தப் பார்க்காதே, இது அவர்கள் வீட்டிலும் தோட்டத்திலும் உண்டானது, அது வேறு. எடுத்ததைப் பெரியம்மாவிடமே போட்டுக் காட்டு, வெளியே யாருக்கும் காட்டக் கூடாது என்று எதையாவது அவர் சொன்னால் அதை அழித்துவிடு.